ஒரு ஜோடி ஷூ அப்பருக்கு 40 நிமிட வேலை, வெளியே வர 12 நாள்: நடுவில் உள்ள நேரத்தை எப்படி அளப்பது?

லைன்கணக்கு (ஆம்பூர்)

வணக்கம். ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட்டில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். டேனரி, ஷூ, பீடி என்று நம் பக்கத்துத் தொழில் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இப்போது ஓடும் மாடலுக்கு கட்டிங், ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), ஃபோல்டிங், தையல், ஐலெட் (கயிறு கோக்கும் துளை வளையம்), டிரிம்மிங், செக்கிங் என்று எல்லா ஆபரேஷனுக்கும் நேரம் எடுத்து வைத்திருக்கிறோம். கூட்டினால் ஒரு ஜோடிக்கு 40 நிமிடம். ஆனால் தோல் கட்டிங் டேபிளில் ஏறிய நாளிலிருந்து அதே ஜோடி பெட்டிக்குள் போகும் வரை எண்ணினால் 12 வேலை நாள். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஓவர்டைம், வாக்குவாதம், கடைசி நேர லாரி.

மறுபடி ஸ்டாப்வாட்ச் எடுத்து ஒவ்வொரு ஆபரேஷனிலும் 10 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் முடிவு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மறுத்துப் பேச என் கையில் கணக்கும் இல்லை. 40 நிமிடம் எங்கே, 12 நாள் எங்கே?

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை)

தம்பி, சிப்காட் பக்கம் இன்ஜினியரிங் தொழிற்சாலைகளில் நேர ஆய்வு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் இரண்டு தனித்தனி அளவுகளை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். 40 நிமிடம் கை வேலை செய்யும் நேரம். 12 நாள் சரக்கு உள்ளே நுழைந்து வெளியேறும் வரை ஓடும் காலம். முதலாவதை ஆளின் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும், இரண்டாவதை சரக்கின் கூடவே போய் அளக்க வேண்டும். முதலாவதைக் குறைத்தால் இரண்டாவது தானாகக் குறையும் என்று நினைப்பதுதான் உங்கள் நிர்வாகத்தின் சிக்கல். 40 நிமிடத்தில் 10 சதவீதம் என்றால் 4 நிமிடம். 12 நாளில் 4 நிமிடம் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

மூன்று விவரம் சொல்லுங்கள். கட்டிங் முதல் பேக்கிங் வரை இந்த நிமிடம் தரையில் எத்தனை ஜோடி கிடக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி வெளியே போகிறது? பண்டிலுக்கு எத்தனை ஜோடி கட்டுகிறீர்கள்?

லைன்கணக்கு

தரையில் சுமார் 6,000 ஜோடி. தினமும் வெளியே போவது சுமார் 500. பண்டிலுக்கு 20 ஜோடி. இடைவேளை போக நாளுக்கு 450 நிமிட வேலை.

பாலாற்றங்கரை

பதில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். 6,000-ஐ 500-ஆல் வகுத்துப் பாருங்கள். 12.

இது தற்செயல் இல்லை. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் இதைக் கணிதமாகவே நிறுவினார், அவர் பெயரிலேயே லிட்டில் விதி என்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு, வெளியேறும் வேகம், தங்கும் காலம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிடும். வங்கி வரிசை, லாரி ஷெட், தையல் லைன் எதுவானாலும் பொருந்தும். வரத்தும் போக்கும் நீண்ட காலச் சராசரியில் சமமாக இருந்தால் போதும்.

இப்போது அந்த 12 நாளைப் பிரித்துப் பார்ப்போம். 40 நிமிடம் கை வேலை. பண்டில் 20 ஜோடி என்பதால், ஒரு ஜோடி தைத்து முடிந்தாலும் மற்ற 19 முடியும் வரை அது அடுத்த மேசைக்குப் போகாது. 20 × 40 = 800 நிமிடம், அதாவது ஏறக்குறைய 1.8 நாள். அப்படியானால் 12-இல் 10 நாளுக்கு மேல் பண்டில்கள் வரிசையில் சும்மா நிற்கின்றன. மொத்த காலம் 5,400 நிமிடம், அதில் கை பட்ட நேரம் 40. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

தரையில் கிடப்பதை 3,000 ஆக்கினால், யாரும் ஒரு நொடி வேகமாகத் தைக்காமலே 6 நாளில் சரக்கு வெளியே வரும். தினசரி 500 குறையக் கூடாது, அதுதான் நிபந்தனை.

தையல்மிஷின் (பேரணாம்பட்டு)

இந்தப் பேச்சில் மிஷினில் உட்காருகிறவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் போஸ்ட் பெட் மிஷினில் (தூண் போல உயர்ந்த மேடை உள்ள தையல் மிஷின்) அப்பர் தைக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் பின்னால் வந்து நின்றாலே லைனில் பேச்சு நின்றுவிடும். எதற்காக எடுக்கிறார், யாருடைய நேரத்தை எடுக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு வாரம் கழித்து டார்கெட் மட்டும் ஏறியிருக்கும். அவர் அளக்கும்போது எனக்குப் பண்டில் கையில் தயாராக இருக்கும், நூல் மாட்டியிருக்கும், ஊசி புதிது. மற்ற நாட்களில் பண்டில் தேடி எழுந்து போவது நான். நூல் அறுந்தால் மாட்டுவது நான். ஸ்கைவிங் சரியாக வராத பீஸைத் திருப்பி அனுப்பி அதற்காகக் காத்திருப்பதும் நான். அந்த நேரம் எந்தத் தாளிலும் வருவதில்லை. சாயந்திரம் "ஏன் குறைவு?" என்ற கேள்வி மட்டும் வரும்.

பாலாற்றங்கரை ஐயா சொன்ன கணக்கு எனக்குப் புரிகிறது. சரக்கு பத்து நாள் சும்மா நிற்கிறது என்றால் எங்கள் கையை ஏன் விரட்ட வேண்டும்? 2023-இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வந்த பிறகு திரும்பப் பெறப்பட்டது. அன்றும் எங்கள் லைனில் இதைத்தான் பேசினோம். வேலை நாளை நீட்டினாலும் பண்டில் நிற்கிற இடத்தில் நிற்கத்தான் போகிறது.

பாலாற்றங்கரை

அம்மா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் நேர ஆய்வின் அடிப்படை விதியை மீறிய செயல். முறையாகச் செய்தால் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன், நாளை யாராவது உங்கள் பின்னால் வந்து நின்றால் இதைக் கேளுங்கள்.

முதலில் யாரை, எதற்காக அளக்கிறோம் என்று அவரிடமே சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேலையைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, பல சுற்று பார்த்து, சராசரி எடுக்க வேண்டும். நூல் அறுவது, ஊசி மாற்றுவது போல எப்போதாவது வருபவற்றையும் தனியாகக் குறித்து, அவை எத்தனை ஜோடிக்கு ஒருமுறை வருகின்றன என்று பங்கிட்டுச் சேர்க்க வேண்டும். அப்புறம் வேக மதிப்பீடு. பழகிய ஒருவர் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகத்தை 100 என்று வைத்து, பார்த்தவரின் வேகத்தை அதோடு ஒப்பிட வேண்டும். 48 நொடி எடுத்தவர் 90 வேகத்தில் செய்திருந்தால் அடிப்படை நேரம் 48 × 0.90 = 43.2 நொடி. வேகமாகச் செய்பவரை அளந்தால் இதே கணக்கு நேரத்தைக் கூட்டும். லைனிலேயே கெட்டிக்காரியை அளந்துவிட்டு அவர் நேரத்தை அப்படியே எல்லோருக்கும் டார்கெட்டாக வைப்பது ஆய்வே இல்லை.

இதற்கு மேல் ஓய்வுச் சலுகை, அதாவது ஓய்வுக்காக அடிப்படை நேரத்தோடு கூட்டும் பங்கு, உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுக் கையேட்டில் வரும் அட்டவணைப்படி சொந்தத் தேவைகளுக்கு ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 சதவீதம். இது வெறும் தொடக்கம்தான். நிற்பது, குனிவது, கண்ணை உறுத்தும் நுணுக்கம், சத்தம், வெப்பம் எல்லாவற்றுக்கும் மேலே சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் ஓடும் லைனுக்கும் டிசம்பரில் ஓடும் லைனுக்கும் ஒரே சலுகை போடுவது நியாயமே இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட எண்ணை மே மாதத் தரையில் நின்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கோபம் புதிதும் இல்லை. 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடாளுமன்றம் விசாரித்தது. 1915-இலிருந்து ராணுவத் தொழிற்சாலைகளில் நேர ஆய்வுக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று தடையே போட்டார்கள், அது 1940களின் இறுதி வரை நீடித்தது. அளவு என்ற பெயரில் கூலியைக் குறைத்தால் தொழிலாளி அளவையே நம்ப மாட்டார். அப்புறம் எந்த எண் கிடைத்தாலும் அது உண்மையான எண்ணாக இருக்காது.

டிரம்ஷாப் (வாணியம்பாடி)

டேனரி பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். காத்திருக்கும் நேரம் எல்லாமே வீண் இல்லை, இதைப் பிரிக்காமல் கணக்குப் போட்டால் தோலே கெட்டுவிடும்.

உப்புத் தோல் உள்ளே வந்தால் ஊறப் போட வேண்டும், சுண்ணாம்பில் இருக்க வேண்டும், ஃபிளெஷிங் (உள்பக்கச் சதையைச் சீவுவது) முடிந்து சுண்ணாம்பு நீக்கி பிக்கிள் (அமிலமும் உப்பும் சேர்ந்த கரைசல்) போட்டு குரோம் (தோலைப் பதனிடும் குரோமியம் உப்பு) ஏற்ற வேண்டும். குரோம் ஏறிய பிறகும் உடனே பிழிவதில்லை, அடுக்கி ஒரு ராத்திரியாவது விடுவோம், அப்போதுதான் குரோம் நன்றாகப் பிடிக்கும். ஃபிளெஷிங் மிஷினில் ஒரு தோலுக்கு ஆகும் நேரம் நிமிடம்கூட இல்லை, ஆனால் சுண்ணாம்பில் இருக்கும் நேரத்தை யாரும் விரட்ட முடியாது. பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் பழைய முறையில் இது வாரக்கணக்கில் போகும். டிரம் சுற்றும்போது ஆள் வேறு வேலை பார்ப்பார். ஆளின் நேரம், மிஷின் நேரம், ரசாயனத்தின் நேரம் மூன்றும் மூன்று வரிசை. ஒன்றாகக் கூட்டக் கூடாது.

இன்னொரு வகைக் காத்திருப்பும் எங்களிடம் உண்டு. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து கழிவுநீர் விஷயத்தில் பிடி இறுகியது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரான ஒரு டேனரி ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் அனுப்பலாம் என்று அளவு உண்டு. டிரம் காலி, ஆள் தயார், தோல் குடோனில் இருக்கிறது. ஆனாலும் அன்றைய நீர் அளவு முடிந்துவிட்டால் ஊறப் போட முடியாது. இங்கே டிரம்முக்கு எவ்வளவு ஸ்டாப்வாட்ச் பிடித்தாலும் பயன் இல்லை, வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். பாலாறு பட்ட பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் செய்ய வேண்டியது அந்த நீர் அளவை அடிப்படையாக வைத்துத் திட்டம் போடுவது.

லைன்கணக்கு தம்பி, உங்கள் அப்பர் லைனிலும் பசை காய வேண்டிய நேரம் இருக்கும். அதைத் தனியாக எழுதி வையுங்கள். மிச்சம்தான் உண்மையான காத்திருப்பு.

காட்பாடி_டேட்டா

நான் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் போட்டுத் தரும் வேலையில் இருக்கிறேன். லைன்கணக்கு, உங்கள் யூனிட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் கணினியில் பதிவாகிறதா? எத்தனை மணிக்குப் பதிவாகிறது?

லைன்கணக்கு

ஒவ்வொரு பிரிவிலும் முடிந்த பண்டில் எண்ணை நோட்டில் எழுதுவார்கள். சாயந்திரம் ஒரு கிளார்க் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவார்.

காட்பாடி_டேட்டா

அப்படியானால் கணினியில் இருக்கும் நேரம் கிளார்க் டைப் அடித்த நேரம். காலை 9 மணிக்கு முடிந்த பண்டிலும் மாலை 4 மணிக்கு முடிந்த பண்டிலும் அதில் ஒன்றே. பல இடங்களில் இந்தத் தரவை வைத்து அழகான வரைபடம் போட்டு, அதைப் பார்த்து முடிவும் எடுக்கிறார்கள். வருத்தமாக இருக்கும்.

ஒரு செயல்முறையின் காலத்தை அளக்கக் குறைந்தபட்சம் எந்தப் பண்டில், எந்த வேலை, எத்தனை மணி என்ற மூன்றும் வேண்டும். அதிலும் முடித்த நேரம் மட்டும் இருந்தால் போதாது. கட்டிங் திங்கள் காலை முடிந்தது, ஸ்கைவிங் புதன் மாலை முடிந்தது என்றால், நடுவில் இருந்த மூன்று நாளும் ஸ்கைவிங் செய்தவர் தலையில் விழும். அவர் கையில் எடுத்த நேரத்தையும் எழுதினால்தான், வரிசையில் எவ்வளவு நின்றது, வேலை எவ்வளவு நடந்தது என்று பிரியும். தையல்மிஷின் அக்கா சொன்ன அநியாயம் பாதி இந்த ஒற்றைப் பதிவிலிருந்துதான் பிறக்கிறது.

அப்புறம், சராசரி மட்டும் பார்க்காதீர்கள். பத்து ஆர்டரில் ஒன்பது 8 நாளில் முடிந்து ஒன்று 48 நாள் இழுத்தால் சராசரி 12 என்று வரும். அந்த 12 நாளில் முடிந்த ஆர்டர் ஒன்றுகூட இல்லை. நடுமதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), நூற்றுக்குத் தொண்ணூறு ஆர்டர் எத்தனை நாளுக்குள் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஷிப்மென்ட் தேதி கொடுக்க உதவுவது இரண்டாவது எண். ஞாயிறு, பொங்கல் விடுமுறை, வெள்ளிக்கிழமை ஜும்மா இடைவேளை இவற்றைக் கழித்து வேலை நேரமாக ஒரு கணக்கு, கழிக்காமல் நாட்காட்டியாக ஒரு கணக்கு, இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு நாட்காட்டி நாள்தான் நாள்.

இன்னொரு விஷயம். "மிஷின் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி ஒன்றைச் சொல்கிறேன். ஒரே மிஷின், வேலை முன்பின்னாக வருகிறது, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் மாறுகிறது. அந்த மிஷின் 80 சதவீதம் வேலையில் இருந்தால் ஒரு பண்டில் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. உங்கள் லைன் அச்சாக இப்படி இருக்காது, ஆனால் போக்கு இதேதான். எல்லா மிஷினையும் நிரப்பி வைத்துவிட்டு சரக்கும் வேகமாக வர வேண்டும் என்று கேட்க முடியாது.

ஜாப்ஒர்க் (மேல்விஷாரம்)

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கம் நான் சொல்கிறேன். சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். தரையில் சரக்கு குவிந்திருப்பது முட்டாள்தனத்தால் அல்ல. நாளை லைனிங் வராது, ஸ்கைவிங் மிஷின் நிற்கும், முகூர்த்த நாளில் பாதிப் பேர் லீவு. அன்று தைப்பவர்களுக்குக் கையில் வேலை வேண்டாமா? பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இருப்பவருக்குப் பண்டில் இல்லை என்றால் அன்று கூலியும் இல்லை. 6,000-ஐ ஒரே நாளில் 3,000 ஆக்கச் சொல்கிறீர்கள், முதல் பிரேக்டவுனிலேயே மொத்த லைனும் நின்றுவிடும்.

பாலாற்றங்கரை

நியாயமான பேச்சு. ஒரே நாளில் குறைக்கச் சொன்னால் அது என் தவறான ஆலோசனையாகிவிடும், அப்படிச் சொல்லவில்லை. சரக்கு இருக்க வேண்டிய இடம் எது என்பதுதான் கேள்வி. லைனில் எது மெதுவான ஆபரேஷனோ அதன் முன்னால் கொஞ்சம் சரக்கு எப்போதும் இருக்கட்டும், அந்த ஆபரேஷன் நின்றால் முழு லைனும் நிற்கும். மற்ற எல்லா மேசைக்கும் முன்னால் மலை வேண்டியதில்லை. கட்டிங் வேகமான பிரிவு என்பதற்காக நாளுக்கு 700 ஜோடி வெட்டித் தள்ளினால் தையல் 500-தான் எடுக்கும், மிச்ச 200 தினமும் தரையில் சேரும். கட்டிங்கை 500-இல் நிறுத்துங்கள். குவியலை இறக்க வேண்டிய சில வாரம் மட்டும் 450 வெட்டுங்கள். நாளுக்கு 50 ஜோடி தானாகக் கரையும்.

மெதுவான இடத்தைக் கண்டுபிடிக்கவும் கணக்கு உண்டு. 450 நிமிடத்தில் 500 ஜோடி என்றால் ஒவ்வொரு 54 நொடிக்கும் ஒரு ஜோடி வெளியே வர வேண்டும். 40 நிமிட வேலைக்கு எல்லாம் சரிசமமாகப் பிரிந்தாலே 45 பேர் வேண்டும். ஒரு ஆபரேஷனின் நேரத்தை அங்கே இருக்கும் ஆட்கள் எண்ணிக்கையால் வகுங்கள். 54 நொடியைத் தாண்டும் இடம்தான் மொத்த லைனையும் மெதுவாக்கும் இடம். ஸ்டாப்வாட்ச் அங்கே மட்டும் போகட்டும், அங்கே கிடைக்கும் ஒரு நொடிக்கு மதிப்பு உண்டு.

பீஸ் ரேட்டில் பண்டில் இல்லாத நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது என்பது தனி விவாதம். வேலை தயாராகக் கொடுக்காதது நிர்வாகத்தின் பொறுப்பு, அந்த நேரத்துக்கும் கூலி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குடியாத்தம்_கணக்கர்

பீஸ் ரேட் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் அம்மா வீட்டில் பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வாங்கப் போகும் நேரம், நனைத்து வைப்பது, கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டுவது, சுற்றுவது, மடிப்பது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுத்துக் கழிவு போக எண்ணி வாங்குவது எல்லாமே அந்த ஆயிரத்துக்குள் அடக்கம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எங்கேயும் பதிவே இல்லை. இலை மோசமாக வந்த வாரம் அதே ஆயிரத்துக்கு அவர் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார், கூலி மாறாது.

ஸ்டாப்வாட்சுக்குப் பயப்படும் அக்காவைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அளக்காமலே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீடு சாட்சி. மணிக்கணக்கு தெரிந்திருந்தால் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கலாம். அளவுத்தாளின் ஒரு நகல் வேலை செய்பவர் கையிலும் இருக்க வேண்டும், அதற்குத்தான் போராட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தையல்மிஷின்

நகல் எங்கள் கையில் இருக்கும் என்றால் நானே பக்கத்தில் நின்று எழுதிக் கொடுப்பேன். எங்களுக்கும் காட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

லைன்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. இதை இரண்டு பக்கமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: ஆட்கள் பண்டில் இல்லாமல் காத்திருக்கும் நேரத்தையும் தேட வேண்டும். 45 பேர் பின்னாலும் நாள் முழுக்க நிற்க ஆள் இல்லை. என்ன செய்வது?

பாலாற்றங்கரை

நிற்கவே வேண்டாம். 1930களில் பிரிட்டனில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் பருத்தி ஆலைகளில் செய்த முறை இருக்கிறது. முன்கூட்டித் தீர்மானித்த, ஆனால் ஒழுங்கில்லாத நேரங்களில் லைனைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு இடத்தையும் பார்த்த கணத்தில் தைக்கிறாரா, பண்டிலுக்குக் காத்திருக்கிறாரா, மிஷின் பழுதா, பீஸ் திருத்துகிறாரா என்று ஒரு கோடு போடுங்கள். பெயர் எழுதாதீர்கள், மேசை எண் போதும். காத்திருப்பு 30 சதவீதம் இருக்கலாம் என்று தோன்றினால், 5 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியத்துக்கு 4 × 0.3 × 0.7 ÷ (0.05 × 0.05), அதாவது 336 பார்வை போதும். 45 இடம் இருப்பதால் எட்டுச் சுற்றிலேயே எண் வந்துவிடும், ஆனால் எட்டையும் ஒரே நாளில் முடிக்காமல் பல நாளுக்குப் பரப்புங்கள். திங்கள் காலையும் சனி மாலையும் ஒன்றல்ல.

காட்பாடி_டேட்டா

பண்டில் காலத்துக்கு மென்பொருள் வாங்கும் முன் காகிதத்திலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு பண்டிலோடும் போகும் சீட்டில் இரண்டு கட்டம் சேர்த்து அச்சடியுங்கள்: எடுத்த மணி, முடித்த மணி. எல்லாப் பண்டிலுக்கும் வேண்டாம், பத்தில் ஒன்றுக்கு வேறு நிறச் சீட்டு. அந்த நிறச் சீட்டைப் பார்த்து யாரும் முந்தி எடுத்துத் தைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது மட்டும் மூன்று நாளில் வெளியே வந்து உங்களை ஏமாற்றும்.

டிரம்ஷாப்

பசை காயும் கட்டத்துக்கும் அந்தச் சீட்டில் ஒரு இடம் விடுங்கள் தம்பி.

லைன்கணக்கு

விட்டுவிடுகிறேன் அண்ணா. சீட்டு மாதிரியை அச்சுக்குக் கொடுக்கும் முன் இங்கே போடுகிறேன், தையல்மிஷின் அக்கா முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.